கவுதாரிப் பயறு: ஒரே ஒரு வருடம் வாழும் புல்வெளிச் செடி

மலைக்குப் புல்லு வெட்டப் போகிறவர்களிடம் "களை என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "தேயிலையைத் தவிர முளைக்கிற எல்லாமே களைதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அவர்களுடைய வேலை அப்படி. நிரையை முடித்தால்தான் அன்றைய பேர் விழும். நின்று ஒவ்வொரு செடியாகப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனாலும் நாம் இந்தப் பக்கத்தில் ஒரு செடியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கப் போகிறோம். அது எமது மலைநாட்டுச் செடி அல்ல. கடல் கடந்து வெகு தூரத்தில், வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள பெரும் புல்வெளிகளில் தானாக முளைக்கும் காட்டுச் செடி. அந்தப் புல்வெளிகளுக்குப் பிரேரி என்று பெயர். ஊவாப் பக்கம் மானாப்புல் அடர்ந்த பத்தனைகளைப் பார்த்தவர்களுக்கு அதை மனதில் கொண்டு வருவது சிரமம் இல்லை. ஆனால் அங்கே மலையும் இல்லை, பள்ளமும் குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். சில புற்கள் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும்.

அந்தப் புல்லுக்கு இடையில் இடுப்பளவுக்குக்கூட வளராத ஒரு செடி. பொதுவாக ஒன்று முதல் மூன்று அடி உயரம். இலைகள் தொட்டாச்சிணுங்கி இலை போல, ஒரு காம்பின் இரு பக்கமும் சின்னச் சின்னச் சிற்றிலைகள். ஆடி, ஆவணி மாதங்களில் தங்க மஞ்சள் நிறத்தில் பூக்கும். அங்குள்ளவர்கள் இதனைப் பார்ட்ரிட்ஜ் பீ என்கிறார்கள். நாம் தமிழில் கவுதாரிப் பயறு என்று சொல்லலாம். ஏன் இந்தப் பெயர் என்பதற்குப் பிறகு வருகிறோம். விஞ்ஞானப் பெயர் கமேகிரிஸ்டா பசிகுலாட்டா. இந்தச் செடியை முதலில் விவரித்து எழுதியவர் அந்திரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். அவருடைய நூல் 1803இல் வெளிவந்தது.

இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது போஞ்சிக்கும், முள்முருங்கைக்கும், கிளிசிரிடியாவுக்கும் சொந்தக்காரன். எமக்குத் தெரிந்த ஆவாரையும் தகரையும் இன்னும் கிட்டிய உறவு. தொட்டால் இதன் இலையும் மெதுவாக மூடும், ஆனால் தொட்டாச்சிணுங்கி அளவுக்கு வெட்கம் கிடையாது. இரவில் நன்றாகவே மூடிக்கொள்ளும்.

ஒரு வருடக் கணக்கு

பிரேரிப் புற்கள் பெரும்பாலும் பல்லாண்டுத் தாவரங்கள். மேலே காய்ந்தாலும், எரிந்தாலும், வேர் உயிரோடு இருக்கும். மறுவருடம் திரும்பவும் தளிர்க்கும். கவுதாரிப் பயறுக்கு அந்த வசதி இல்லை. இது ஆண்டுத் தாவரம். பனிக்காலம் முடிந்து மண் சூடேறும்போது விதையிலிருந்து முளைக்கிறது. கோடையில் பூக்கிறது. இலையுதிர் காலத்தில் காய் முற்றுகிறது. முதல் உறைபனி விழுந்ததும் வேரோடு செத்துப்போகிறது. அவ்வளவுதான் ஆயுள்.

அப்படியானால் அடுத்த வருடத்துக்கு யார் பொறுப்பு? விதைதான் பொறுப்பு. முற்றிய காய் வெயிலில் காய்ந்து, இரண்டு தோடும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு சட்டென்று வெடிக்கும். விதை தாய்ச் செடியை விட்டு எட்டப் போய் விழும். விதையின் தோல் மிகக் கடினமானது. தண்ணீர் இலேசில் உள்ளே போகாது. ஆகவே விழுந்த எல்லா விதையும் மறுவருடமே முளைப்பதில்லை. சில மண்ணுக்குள்ளேயே வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். நெருப்பு ஓடினாலோ, மண் கிளறப்பட்டாலோ, மேலே உள்ள அடர்ந்த புல் விலகி வெளிச்சம் பட்டாலோ, அப்போது எழும்பும். கையில் உள்ள காசை ஒரேயடியாகச் செலவழிக்காமல் சீட்டுக் கட்டி வைக்கும் வீட்டு அம்மாவைப் போல என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரு வருடம் மழை பொய்த்து முளைத்ததெல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் மிச்சம் இருக்கிறது.

வெறும் மண்ணில் முதலில் வருகிறவர்களில் இந்தச் செடியும் ஒன்று. மாடு மிதித்த இடம், நெருப்பு எரிந்த இடம், பாதை வெட்டிய ஓரம், மணல் தரை, ஏன், சுரங்கம் தோண்டிக் குவித்த மண்மேடு, இங்கெல்லாம் வரும். வந்து மண்ணை மூடும். மழைத்துளி நேராக மண்ணில் அடித்தால் என்னாகும் என்று கவ்வாத்து வெட்டிய மலையில் பெருமழை பெய்ததைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கான் எல்லாம் செம்மண் தண்ணீர் ஓடும். அந்த வேலையைத்தான், மண்ணைப் பிடித்து வைக்கும் வேலையை, இந்தச் சின்னச் செடி அங்கே செய்கிறது. மெதுவாக வளரும் பல்லாண்டுப் புற்கள் இதன் நிழலில் வேர் பிடிக்கும்.

காற்றிலிருந்து உரம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன் என்ற வாயு. எந்தப் பயிருக்கும் நைதரசன் வேண்டும். கொழுந்து பச்சையாகச் செழித்து வருவதற்கு முதற்காரணம் அதுதான். ஆனால் காற்றில் இவ்வளவு இருந்தும் செடிகளால் அதை நேரடியாக எடுக்க முடியாது. கடலுக்கு நடுவில் தண்ணீர்த் தாகம் போன்ற நிலைமை. அதனால்தான் நாம் யூரியா போடுகிறோம். யூரியாவில் 46 வீதம் நைதரசன்.

அவரைக் குடும்பச் செடிகள் பலவற்றுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. அவற்றின் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் காணப்படும். வேர்ச் சிறுகணுக்கள் என்று பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதற்குள் பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சீனிச் சத்துக் கொடுக்கிறது. பதிலுக்கு அவை காற்றிலுள்ள நைதரசனைச் செடி உண்ணக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கின்றன. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இருவர் இந்த உண்மையைச் சோதனை செய்து காட்டினார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் அந்தப் பக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். கவுதாரிப் பயறின் வேரிலும் இதே கூட்டுத்தான் நடக்கிறது.

இதில் பலரும் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்வதுண்டு. செடி உயிரோடு இருக்கும்போதே பக்கத்துச் செடிக்கு நைதரசனை அள்ளிக் கொடுப்பதாக நினைப்பார்கள். அதுதான் இல்லை. செடி பெரும்பகுதியைத் தன் இலைக்கும் விதைக்குமே எடுத்துக்கொள்ளும். அது செத்து, இலையும் தண்டும் வேரும் மண்ணில் உக்கும்போதுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். கவுதாரிப் பயறு வருடம் தவறாமல் சாகிற செடி அல்லவா? ஆகவே அதன் சேமிப்பில் ஒரு பங்கு வருடந்தோறும் புல்லுக்குப் போய்ச் சேருகிறது. முள்முருங்கைக் கிளையையும் கிளிசிரிடியாக் கிளையையும் வெட்டித் தேயிலைத் தூரில் போடச் சொல்லுகிறார்களே, காரணம் இதேதான். மரம் சும்மா நின்றால் நிழல் மட்டும். வெட்டிப் போட்டு உக்கினால் உரம்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரம் நாட்டுக்குள் வருவது நின்றபோது தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொழுந்து குறைந்தது. கிலோ குறைந்தால் வீட்டு அடுப்பில் தெரியும். இரவோடு இரவாக யூரியாவுக்குப் பதிலாக இலை தழையை வைத்துச் சமாளிக்க முடியாது என்பதை அப்போது எல்லோரும் கண்டோம். நாமும் அப்படிச் சொல்ல வரவில்லை. மண்ணை உக்கலால் வளர்ப்பதற்கு வருடங்கள் பிடிக்கும். பிரேரியின் கறுப்பு மண் உண்டாக ஆயிரக்கணக்கான வருடங்கள் சென்றன. புல்லின் ஆழமான வேரும் இப்படியான அவரைச் செடிகளும் வருடா வருடம் செத்து உக்கித்தான் அந்த மண் அப்படிக் கறுத்தது.

வண்டு அதிர்ந்தால்தான் மகரந்தம்

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பார்க்க அழகாக இருந்தாலும் இந்தப் பூவுக்குள் ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது. தேனீ வந்தால் மகரந்தம் மட்டும்தான் கூலி. அந்தக் கூலியும் இலேசில் கிடைக்காது. மகரந்தம் இருக்கும் பைகள் பக்கவாட்டில் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு, முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைப் போல. டப்பாவைக் குலுக்கினால்தானே பவுடர் கொட்டும்? அப்படியே பெரிய பம்பிள் தேனீக்களும் கருவண்டுகளும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் "ர்ர்ர்" என்று அதிர விடும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அது கீழே சிந்தியதைத்தான் பொறுக்கும்.

இன்னொரு புதினம். ஒரு பூவில் சூல்தண்டு வலப்பக்கம் வளைந்திருக்கும். அடுத்த பூவில் இடப்பக்கம். ஒரே செடியில் இரு வகையும் உண்டு, கண்ணாடியில் பார்த்த மாதிரி. வண்டின் உடம்பில் ஒரு பக்கத்தில் ஒட்டிய மகரந்தம் மறுபக்கம் வளைந்த பூவில் போய்ப் படுவதற்கு இது வசதி.

இது அமெரிக்காக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தோட்டத்துத் தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் இதே டப்பா வகைதான். காலையில் கருவண்டு வந்து தக்காளிப் பூவில் தொங்கிக்கொண்டு இரைவதைக் கவனித்துப் பாருங்கள். லயத்து வாசலில் வண்டு வந்தால் பிள்ளைகள் அடித்து விரட்டுகிறார்கள். விரட்டாமல் விட்டால் கத்தரி நன்றாகக் காய்க்கும்.

பூவுக்குள் தேன் இல்லை என்றோம். ஆனால் செடியில் தேன் இருக்கிறது! எங்கே தெரியுமா? இலைக்காம்பில். ஒவ்வொரு இலைக்காம்பிலும், சிற்றிலைகள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, குண்டூசித் தலை அளவில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் இனிப்புத் தண்ணீர் ஊறும். இது வண்டுக்கு அல்ல, எறும்புக்கு. எறும்பு கிண்ணம் கிண்ணமாக ஏறி இறங்கும்போது இலையில் இருக்கும் புழுவையும் முட்டையையும் கண்டால் இழுத்துக்கொண்டு போகும், அல்லது கடித்து விரட்டும். செடி காவற்காரன் வைத்திருக்கிறது, சம்பளம் கையோடு கையாக. ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் காவல் ஒரே மாதிரி இல்லை. பக்கத்தில் எந்த எறும்பின் புற்று இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் கூடும், குறையும்.

காவலையும் மீறிப் புழுக்கள் வரத்தான் செய்கின்றன. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றுக்கு இந்தச் செடிதான் பிள்ளைக்காம்பிரா. இலையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அவற்றில் பெரியதொரு மஞ்சள் இனத்தின் புழு, இலையைத் தின்றால் பச்சையாக இருக்கும், பூவைத் தின்றால் மஞ்சளாக இருக்கும். பறவைக் கண்ணுக்குத் தப்ப இதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

கவுதாரி எங்கே?

பெயருக்கு வருவோம். பொப்வைட் என்று ஒரு பறவை, காடை இனம். அமெரிக்காவின் தென்பகுதி மக்கள் அதைப் பார்ட்ரிட்ஜ், அதாவது கவுதாரி, என்றே சொல்லி வந்தார்கள். அந்தப் பறவை விரும்பிப் பொறுக்கித் தின்னும் விதை என்பதால் செடிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடும் பனிக்காலத்தில் பூச்சி புழு கிடையாது, பச்சை கிடையாது. அந்த நேரத்தில் கடின ஓட்டுக்குள் கெடாமல் இருக்கும் இந்த விதைதான் அதற்குச் சாப்பாடு. கோடையில் செடிக்குக் கீழே தரை ஓரளவு வெறுமையாக இருக்கும், மேலே இலை கூரையாக நிற்கும். சின்னஞ்சிறு குஞ்சுகள் பருந்துக்குத் தெரியாமல் அதற்குள் ஓடித் திரிந்து பூச்சி பொறுக்கும். குளிர் இரவுகளில் இந்தப் பறவைகள் வட்டமாகக் குந்தி, வால் உள்ளே, தலை வெளியே வைத்துத் தூங்குமாம். எந்தப் பக்கம் நரி வந்தாலும் ஒன்றாவது காணும்.

ஹெர்பர்ட் ஸ்டொடார்ட் என்பவர் ஜோர்ஜியா, புளோரிடாப் பகுதிகளில் பல வருடம் இந்தப் பறவையை ஆராய்ந்து 1931இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அக்காலத்தில் காட்டில் நெருப்பே கூடாது என்பதுதான் அதிகாரிகளின் கொள்கை. ஸ்டொடார்ட் அதற்கு மாறாக, அளவாக, நேரம் பார்த்து வைக்கும் நெருப்பு இல்லாவிட்டால் புதர் அடைத்து இந்தச் செடிகளும் போகும், பறவையும் போகும் என்று வாதித்தார். அந்த மண்ணின் பூர்வீக மக்கள் காலங்காலமாக நெருப்பு வைத்துத்தான் புல்வெளியைப் பேணி வந்தார்கள். விஞ்ஞானிகள் அதைப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் மானாப்புல்லுக்கு நெருப்பு வைக்கப் புறப்பட வேண்டாம். பிரேரி சமதரை. அதன் செடிகள் நெருப்போடு பழகியவை. எமது மலைச்சரிவில் புல் எரிந்து, அடுத்த வாரம் மழை இறங்கினால், மண் ஆற்றுக்குப் போய்விடும். நெருப்பு காட்டுக்குள் பாய்ந்தால் பீலியில் தண்ணீரும் குறையும்.

பிரேரிக்கு என்ன நடந்தது? 1837இல் இலினோய் மாநிலத்தில் ஜோன் டியர் என்ற கொல்லர் உருக்குக் கலப்பை ஒன்றைச் செய்தார். அதுவரை பழைய கலப்பையில் அந்தப் பசைக் கறுப்பு மண் ஒட்டிக்கொள்ளும், உழ முடியாது. உருக்குக் கலப்பை வழுக்கிக்கொண்டு உழுதது. பூர்வீக மக்கள் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். புல்வெளி சோளக் காடானது. உயரப் புல் பிரேரி ஒருகாலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர். இன்று அதில் மிஞ்சியிருப்பது 4 வீதத்துக்கும் குறைவு. மேற்கே இன்னும் வரண்ட சமவெளிகளில் புல்லை உழுது புரட்டியதற்கு 1930களில் விலை கொடுக்க வேண்டி வந்தது. மழை இல்லை. பிடித்து வைக்க வேர் இல்லை. மண் புழுதியாக எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் திகதி பகல் இரவு போல் இருண்டதால் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். வீட்டையும் வயலையும் விட்டு இலட்சக்கணக்கான குடும்பங்கள் வேலை தேடிப் புறப்பட்டன. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் கலிபோர்னியாவின் தோட்டங்கள், கூலிக்கு.

பொப்வைட் பறவையும் குறைந்துகொண்டே வந்தது. 1966 முதல் எடுத்த கணக்கின்படி 80 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

திருப்பி நடும்போது

இப்போது அங்கே பல இடங்களில் பிரேரியைத் திரும்ப உண்டாக்கப் பார்க்கிறார்கள். விளைச்சல் குறைந்த நிலத்தை உழாமல் விட்டுப் புல் வளர்க்கும் விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றை 1985இல் அமெரிக்க அரசு கொண்டு வந்தது. அப்படி விதைக்கும் கலவைகளில் கவுதாரிப் பயறு அடிக்கடி சேர்க்கப்படுகிறது. மலிவு, சீக்கிரம் முளைக்கும், முதல் வருடமே மண்ணை மூடும். ஆனால் அனுபவசாலிகள் ஒரு எச்சரிக்கையும் சொல்வார்கள். ஆசைப்பட்டு விதையை அள்ளி வீசினால் முதல் ஓரிரு வருடத்தில் இதுவே காடாகி மற்றச் செடிகளை அமுக்கிவிடும். அளவாகப் போட வேண்டும். மாடு வைத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இதில் பேதி மருந்துக் குணம் உண்டு. மாடு நிறையத் தின்றால் வயிற்றைக் குழப்பும்.

இதன் விதையைக் கொண்டு வந்து இங்கே போட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி பரவி, இன்று பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டிருக்கிறது. அதுவும் அவரைக் குடும்பம்தான். தன் ஊரில் நல்லது செய்யும் செடி அடுத்த ஊரில் கெடுதல் செய்யலாம். கவுதாரிப் பயறின் இனத்தைச் சேர்ந்த சிறு செடிகள் எமது நாட்டிலேயே இருக்கின்றன.

இந்தச் செடியை வைத்து நடந்த ஒரு ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜூலி எட்டர்சன், ரூத் ஷோ என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மினசோட்டா, கன்சாஸ், ஒக்லஹோமா ஆகிய மூன்று இடத்துச் செடிகளை எடுத்துக்கொண்டார்கள். வடக்கே குளிர், தெற்கே வெப்பமும் வரட்சியும். வடக்குச் செடியைத் தெற்கே நட்டுப் பார்த்தார்கள். எதிர்காலத்தில் வடக்கே வரப்போகும் சூட்டை இன்றைக்கே காட்டும் வழி இது. வடக்குச் செடிகள் அங்கே காய்த்த விதை மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக மாறிப் பழகிக்கொள்ளுமே என்றால், வருடத்துக்கு ஒரு தலைமுறை காணும் இந்தச் செடிகூட, உலகம் சூடேறும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மாறாது என்று 2001இல் அவர்கள் எழுதினார்கள். தேயிலை மரமோ பல பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்கிறது. நாங்கள் இதைப் படித்தபோது அந்த எண்ணம்தான் முதலில் வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

கவுதாரிப் பயறு இங்கே இல்லை. ஆகவே வீட்டுத் தோட்டத்தில் பூக்கத் தொடங்கிய போஞ்சிச் செடி ஒன்றை அம்மாவிடம் கேட்டு எடுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம், சிறுகணு உதிர்ந்துவிடும். சுற்றி முள்ளால் கிளறி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பக்டீரியா வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வேலை முடிந்துவிட்டது.

யூரியா நிறையப் போட்ட பாத்தியிலிருந்து ஒன்று, போடாத பாத்தியிலிருந்து ஒன்று என இரண்டு செடி எடுத்துச் சிறுகணுக்களை எண்ணினால் இன்னும் நல்லது. சும்மா கிடைக்கும்போது செடி பக்டீரியாவுக்குச் சோறு போடுமா, போடாதா? எண்ணி எழுதி அடுத்த இதழுக்கு முன் எமக்கு அனுப்பி வையுங்கள்.